லெய்டனிலிருந்து ஒரு நாள்: பொல்டர், பூவயல், மணற்குன்று, கடல்

"ஏப்ரல் கடைசியில் வேலையாக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு வருகிறேன். ஒரே ஒரு நாள் முழுதாகக் கையில் இருக்கிறது. கல்லூரிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. டச்சுக் கிராமங்களையும் கடற்கரையையும் நிதானமாகச் சைக்கிளில் பார்க்க முடியுமா? எந்த வழியில் போகலாம், எவ்வளவு தூரம், என்னென்ன தயார் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நீங்கள் வரும் மாதமும் தங்கும் ஊரும் இதற்கென்றே அமைந்தது போல இருக்கின்றன. நான் லெய்டனில் பல வருடமாக இருக்கிறேன். இந்த வழியை எத்தனை முறை சுற்றியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களை நான் முதலில் கூட்டிக்கொண்டு போவதும் இந்த வழியில்தான்.

முதலில் தூரம். பலரும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "நாடே தட்டையாகத்தானே இருக்கிறது, 90 கிலோமீட்டர் போய்விடலாம்" என்று கிளம்புகிறார்கள். வேண்டாம். 50 கிலோமீட்டர் போதும். பழக்கம் விட்டுப்போனவர் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் நான்கு மணி நேரம் ஆகும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்பினால் நின்று பார்க்க, சாப்பிட, புல்லில் உட்கார ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஏப்ரல் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும் என்பதால் இருட்டைப் பற்றிய கவலையும் இல்லை.

தூரத்தைவிட முக்கியமானது திசை. இந்தப் பகுதியில் நிலம் கடலுக்கு இணையாகப் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. கடல், அதை ஒட்டி மணற்குன்றுகள், அதன் பின்னால் பூக்கிழங்கு விளையும் மணல்வயல், அதற்கும் உள்ளே ஏரியும் வாய்க்காலுமாகப் பொல்டர், அதாவது கரைகட்டித் தண்ணீரை இறைத்து வாழவைத்திருக்கும் தாழ்ந்த நிலம். 10, 15 கிலோமீட்டர் அகலத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். கடற்கரையோரமாகவே ஒரே கோட்டில் போனால் ஒரு பட்டையைத்தான் பார்ப்பீர்கள். குறுக்கே போனால்தான் நாடு புரியும். நம் கணக்கில் சொன்னால் மருதத்தில் தொடங்கி நெய்தலில் முடிக்கிற பயணம். அதனால் என் வழி இது: லெய்டன், வார்மொண்ட், சாஸன்ஹைம், லிஸ்ஸ, டெ ஸில்க், லாங்கவெல்டர்ஸ்லாக் என்ற கடற்கரை, அங்கிருந்து குன்றுகளின் ஊடாகத் தெற்கே நோர்ட்வைக், கட்வைக், பிறகு பழைய ரைன் ஆற்றோரமாக மறுபடி லெய்டன்.

ஒரே ஒரு நிபந்தனை, காற்று. இங்கே மேடு இல்லை, அந்த வேலையைக் காற்று செய்கிறது. வருடத்தின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து அடிக்கும். வசந்தத்தில் மழையில்லாத நாட்களில் வடக்கு, வடகிழக்குக் காற்றும் அடிக்கடி உண்டு. அப்படி வடக்கத்திக் காற்றாக இருந்தால் நான் சொன்ன வரிசையிலேயே போங்கள், மறைப்பில்லாத கடலோரப் பகுதியில் காற்று முதுகில் இருக்கும். தென்மேற்குக் காற்று என்றால் வழியை அப்படியே திருப்பிவிடுங்கள்: முதலில் கட்வைக், கடைசியில் லிஸ்ஸ. திரும்பும்போது எதிர்காற்று இருந்தாலும் ஊர்களும் மரங்களும் வேலிகளும் அதை உடைத்துவிடும். குன்றுகளின் நடுவே 14 கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதித்தவர்கள் மறுநாள் சைக்கிள் பக்கம் திரும்ப மாட்டார்கள். காலையில் காற்றுத் திசையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வண்டி. லெய்டன் ரயில் நிலையத்தைச் சுற்றி வாடகைக் கடைகள் இருக்கின்றன. கேட்காவிட்டால் பெரும்பாலும் பின்மிதி பிரேக் உள்ள வண்டியைத் தருவார்கள். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால்தான் நிற்கும். கைப்பிரேக்கில் பழகிய நமக்கு அவசரத்தில் விரல்தான் முதலில் ஓடும், பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. என் முதல் வருடத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தின் இறக்கத்தில் அப்படித்தான் தடுமாறி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கைப்பிரேக்கும் ஏழு கியரும் உள்ள வண்டி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். டச்சுக்காரர்கள் உயரமானவர்கள், சீட்டும் அப்படியே ஏறியிருக்கும். கடை வாசலிலேயே இறக்கி வைக்கச் சொல்லி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பை இருந்தால் நல்லது, முதுகில் சுமை இருக்கக் கூடாது. பூட்டு இரண்டும் வேண்டும்: பின்சக்கர வளையப்பூட்டு, கூடவே சங்கிலி.

உடை விஷயத்தில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். பகலில் 12, 15 டிகிரி இருக்கும், காற்றில் அது இன்னும் குறைவாகத் தெரியும். மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கைக்குக் கையுறை. குடை கொண்டுவர வேண்டாம். அடுத்த ஒரு மணி நேரத்தில் மேகம் எங்கே போகிறது என்று காட்டும் பௌயன்ராடார் என்ற செயலியை இங்கே எல்லோரும் வைத்திருப்பார்கள். மழை பெரும்பாலும் சிறு துண்டுகளாக வந்து போகும், ஒரு காபிக் கடையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் தாண்டிவிடும்.

வழி கண்டுபிடிக்கப் போன் தேவையே இல்லை. பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்து, பச்சையும் வெள்ளையுமாகப் பலகை வைத்திருக்கிறார்கள். இதை க்னோப்பண்ட் என்பார்கள். முந்தின இரவே வரைபடத்தைப் பார்த்து, கடக்க வேண்டிய எண்களை ஒரு துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இது பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் தொடங்கியது. யோசனை ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. சுரங்கப் பாதைகளில் எண்ணை வைத்து வழி சொல்வதை அப்படியே தரைக்குக் கொண்டுவந்தார். இதைவிடப் பழையது, குன்றுப் பகுதிகளில் முழங்கால் உயரத்தில் நிற்கும் காளான் வடிவ வழிகாட்டி. 1919 முதல் இருக்கிறது. அதில் சிவப்பு எழுத்து நேர்வழியைக் காட்டும், பச்சைச் சாய்வெழுத்து சுற்றிப் போகும் அழகான வழியைக் காட்டும். உங்களுக்கு எப்போதும் பச்சைதான். இந்தக் காளான்களை நட்ட ஏ.என்.டபிள்யூ.பி. இன்று கார் பழுதானால் வந்து உதவும் அமைப்பாக அறியப்படுகிறது. ஆனால் 1883இல் அது சைக்கிள் ஓட்டிகளின் சங்கமாகத்தான் பிறந்தது.

சாலை விதிகளில் மூன்றே மூன்றை மனதில் வையுங்கள். வலப்பக்கம் ஒட்டியே போக வேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்துக் கூர்மையாக இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். திரும்பும் முன் கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் குற்றம், அபராதம் பலமாக இருக்கும். படம் எடுக்கத் தோன்றினால் பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள். பாதை நடுவில் திடீரென நிற்பதை மட்டும் இங்கே யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயப்படத் தேவையில்லை என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாதைகள் டச்சுக்காரர்களின் பிறவிக் குணத்தால் வந்தவை அல்ல. ஐம்பது, அறுபதுகளில் இங்கேயும் காருக்காகத் தெருக்களை அகலப்படுத்தினார்கள், சைக்கிள் ஒதுங்கிக்கொண்டே போனது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் தொடங்கித் தெருவை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத சாலையை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தனிப் பாதை, தனி சிக்னல் எல்லாம். எட்டு வயதுப் பிள்ளை புத்தகப்பையோடு தனியாக உங்களைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிளம்பலாம். லெய்டன் என்ற பெயரே நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வாங்கியது, அவை நெடுங்காலம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்ததால்தான். ஊரின் நடுவே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் இருக்கிறது, 1590இல் தொடங்கியது. கிளூசியஸ் என்ற தாவரவியலர் 1593இல் இங்கே வந்து துலிப் கிழங்குகளை நட்டார், மறு வருடம் பூத்தன. அன்று மதியம் நீங்கள் பார்க்கப்போகும் வயல்களின் கதை இந்தத் தோட்டத்தோடு சேர்ந்தது. முந்தின நாள் மாலை நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

வடக்கே வார்மொண்ட் ஐந்து கிலோமீட்டர்தான். வீடுகள் குறைந்து, பச்சைப் புல்வெளியும் அதைக் கோடு கோடாக அறுக்கும் வாய்க்கால்களும் தொடங்கும். வலப்பக்கம் காகர்ப்ளாசன் ஏரிகள். பாய்மரப் படகுகள் புல்வெளிக்கு நடுவே நகர்வது போலத் தெரியும், தண்ணீர் கண்ணுக்குப் படாது. இந்தக் காட்சிக்காகவே நான் வார்மொண்டில் முதல் காபிக்கு நிற்பேன்.

சாஸன்ஹைம் தாண்டி லிஸ்ஸ போகும்போது ஒரு சின்ன விலகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் கிழக்கு ஓரத்தில் ரிங்வார்ட் என்ற சுற்றுக்கால்வாய் ஓடுகிறது. கரை மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். இந்தப் பக்கம் கால்வாயில் தண்ணீர். அந்தப் பக்கம் நிலம், ஆனால் தண்ணீரைவிடப் பல மீட்டர் பள்ளத்தில். அங்கே வீடு, வயல், சாலை எல்லாம் இருக்கின்றன. அது ஹார்லமெர்மேர், ஒரு காலத்தில் பெரிய ஏரி. புயலடித்தால் கரையைத் தின்றுகொண்டே வளர்ந்தது. 1836 நவம்பரில் அதன் தண்ணீர் ஆம்ஸ்டர்டாம் வாசல் வரை வந்தது, அதே வருடம் கிறிஸ்துமஸ் நாளில் லெய்டனுக்குள் புகுந்தது. பொறுத்தது போதும் என்று ஏரியைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, மூன்று நீராவி இறைப்பு நிலையங்களை வைத்து, 1849 முதல் 1852 வரை இறைத்தே வற்றவைத்தார்கள். 18,000 ஹெக்டேர். ஸ்கிப்ஹோல் விமான நிலையம் இருப்பது இந்த ஏரிப் படுகையில்தான். நீங்கள் வந்து இறங்கும்போது விமானச் சக்கரம் தொடுவது கடல்மட்டத்துக்குக் கீழே. இன்றும் இறைப்பு நின்றால் தண்ணீர் திரும்பி வரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கரை மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பது வேறு.

லிஸ்ஸவில் கூக்கன்ஹோஃப் பூங்கா இருக்கிறது, 32 ஹெக்டேரில் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். அழகுதான், ஆனால் உள்ளே போனால் அரை நாள் போய்விடும். ஒரே நாள் இருக்கிற உங்களுக்கு என் ஆலோசனை, அதை விட்டுவிடுங்கள். வெளியே வயல்கள் காசில்லாமல் விரிந்து கிடக்கின்றன. லிஸ்ஸவிலிருந்து டெ ஸில்க் போகும் ஆறேழு கிலோமீட்டர் முழுக்க அவைதான். சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டை. நாசிக்குத் தெரிவது பெரும்பாலும் ஹயசிந்த். பூக்கடைத் தெருவுக்குள் நுழைந்தது போலிருக்கும். ஏப்ரல் நடுவில் அது உச்சம், நீங்கள் வரும்போது கடைசி வயல்கள் மிஞ்சியிருக்கலாம். துலிப்புக்கு உங்கள் தேதி சரியாக இருக்கும்.

ஒன்றைப் புரிந்துகொண்டு பாருங்கள்: விவசாயி இங்கே பூவை விற்பதில்லை, கிழங்கை விற்கிறார். பூ திறந்ததும் நோய் இருக்கிறதா, கலப்பு இருக்கிறதா என்று வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார். பார்த்து முடிந்ததும் இயந்திரத்தை ஓட்டித் தலைகளை வெட்டிவிடுவார். சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்குப் போக வேண்டும் என்பதற்காக. நேற்று பார்த்த வயல் இன்று வெறும் பச்சையாக நிற்கும், ஓரத்தில் இதழ்கள் குவிந்து கிடக்கும். துலிப் கிழங்கு வாங்குவது பெரும் மோகமாக இருந்த 1637இல் ஒரு கிழங்குக்கு வீட்டு விலை கொடுக்கத் தயாராக இருந்தார்களே, அந்தத் தீச்சுடர்க் கோலம் போட்ட துலிப்புகள் உண்மையில் வைரஸ் நோய் பிடித்தவை. இன்று அப்படி ஒரு செடி தெரிந்தால் பிடுங்கி எறிவார்கள். இதனால்தான் வயலுக்குள் இறங்காதீர்கள் என்று சொல்கிறேன். செருப்பில் ஒட்டும் மண்ணோடு நோய் அடுத்த வயலுக்குப் போகும். படத்துக்காக இறங்கிப் பூவை மிதிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். அது ஒருவரின் ஒரு வருட உழைப்பு. வரப்பிலிருந்தே நல்ல படம் வரும்.

இந்த வயல் மண்ணே மனிதர் செய்தது. இங்கே முன்பு பழைய மணற்குன்றுகள் இருந்தன. அவற்றை வெட்டி, மணலைப் படகில் ஏற்றி நகரம் கட்ட விற்றார்கள். தட்டையான நிலத்தில் எரு கலந்து கிழங்கு நட்டார்கள். நிலத்தடி நீரை அரை மீட்டருக்குச் சற்றுக் கீழே எப்போதும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிறார்கள். ஏறினால் கிழங்கு அழுகும், இறங்கினால் காயும். மணல் போன வழிகளில் ஒன்று, நீங்கள் குறுக்கே கடக்கும் நேரான கால்வாய். 1657இல் லெய்டனுக்கும் ஹார்லமுக்கும் நடுவே வெட்டியது. கரையில் குதிரை இழுக்கப் பயணிகள் படகு போனது. 1842இல் அதே வழியில் ரயில் வந்ததும் அந்தப் படகுகளின் காலம் முடிந்தது.

டெ ஸில்க்கில் வயல் முடிந்து குன்று தொடங்கும். இங்கே ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் குடிநீர்க் குன்றுகளுக்கு ஒரு நுழைவாயில் இருக்கிறது. 1853 முதல் அந்த நகரம் மணல் வடிகட்டிய நீரைக் குடிக்கிறது. இப்போது ரைன் ஆற்று நீரைச் சுத்தம் செய்து இங்கே கொண்டுவந்து மணலுக்குள் இறக்குகிறார்கள். உள்ளே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வாசலில் பூட்டிவிட்டு, சின்ன நுழைவுச்சீட்டு வாங்கி அரை மணி நேரம் நடந்து வாருங்கள். புள்ளிமான் போன்ற டாம்ஹெர்ட் மான்கள் ஆளைக் கண்டு பயப்படாமல் மேயும். மிதித்த காலுக்கு நடையும் நல்லது.

ஒரு முடிவை இங்கேயே எடுக்க வேண்டும். கால் வலிக்கிறது, வானம் சரியில்லை என்றால் இங்கிருந்து ஹில்லெகோம் அல்லது ஃபோர்ஹவுட் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுத்து ரயிலில் ஏற்றலாம். வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் ஏற்ற விடமாட்டார்கள். நோர்ட்வைக்கிலும் கட்வைக்கிலும் ரயில் கிடையாது, குன்றுக்குள் போய்விட்டால் மிதித்துத்தான் திரும்ப வேண்டும்.

லாங்கவெல்டர்ஸ்லாக்கில் கடல். கூட்டமில்லாத, அகலமான, வெளிர்மணல் கரை. இங்கிருந்து தெற்கே நோர்ட்வைக் வரை எட்டு கிலோமீட்டர்தான் இந்த நாளின் உயிர். நாடு தட்டை என்ற எண்ணம் இங்கே மாறும். பாதை ஏறி இறங்கி வளைந்து போகும். இரண்டு பக்கமும் முள்புதர், பாசி, மணல், அதைப் பிடித்துவைத்திருக்கும் ஹெல்ம் புல். அந்தப் புல் வெறும் அழகுக்கல்ல. அதன் வேர்தான் மணலைக் கட்டுகிறது, மணல்தான் கடலைத் தடுக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கையால் நட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வேகமாக வரும் பந்தய சைக்கிள்காரர்கள் பெல் அடித்தால் வலப்பக்கம் ஒதுங்கினால் போதும்.

நோர்ட்வைக் கடற்கரை விடுதிகளின் ஊர், வெளிச்சவீடு உண்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மிகப் பெரிய மையமும் இங்கேதான். நான் அதிகம் நிற்பதில்லை. அடுத்த ஆறு கிலோமீட்டரில் கட்வைக். அங்கே நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்வைக் மீனவர் ஊர். கடலைப் பார்த்த வெள்ளைத் தேவாலயம் ஒன்று உண்டு. அதன் முன்னால் கடற்கரைக்கும் ஊருக்கும் நடுவே புல் முளைத்த மணல்மேடு, இயற்கையானது என்றே நினைப்பீர்கள். அதற்குள்ளே ஒரு கல் அணைக்கரை புதைந்திருக்கிறது, அதன் ஊர்ப்பக்கம் 650க்கும் மேற்பட்ட கார்கள் நிறுத்தும் இடம் இருக்கிறது. 2015இல் முடித்தார்கள். கடலை மறைக்கும் சுவர் வேண்டாம், கடலுக்குப் பயந்தும் இருக்க முடியாது என்ற இரண்டையும் ஒரே மணல்மேட்டில் தீர்த்துவிட்டார்கள். ஊரின் வடக்கே மதகு. பழைய ரைனின் வாய் இடைக்காலத்தில் மணல் மூடித் தூர்ந்துபோனது, 1807இல் மதகு கட்டித்தான் மறுபடி கடலுக்கு வழி திறந்தார்கள்.

சாப்பாடு இங்கேதான். அசைவம் என்றால் கிபெலிங், மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டு, சுடச்சுட வாங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். கடற்பறவை மேல் ஒரு கண் இருக்கட்டும், கையிலிருந்தே பறித்துவிடும். சைவம் என்றால் மதியம் வழியிலேயே சீஸும் இஞ்சியும் போட்ட பன்னகூக் என்ற பெரிய அடையைச் சாப்பிட்டுவிடுவது உத்தமம். கடற்கரையில் ஆப்பிள் தார்ட்டும் காபியும் எங்கும் கிடைக்கும். பட்டாணி சூப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் பன்றி இறைச்சி இருக்கும். பல கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும்.

நாள் தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு வேண்டாம். பூ பார்க்க வரும் கார்களால் லிஸ்ஸ திணறும், ஞாயிறன்று கட்வைக்கில் தெய்வபக்தி காரணமாகக் கடைகள் பலவும் மூடியிருக்கும். திங்கட்கிழமை கிராமக் காபிக் கடைகள் சில திறக்காது. ஏப்ரல் 27 அரசர் தினம், நாடே தெருவில் ஆரஞ்சு உடுத்தி நிற்கும், அதை ஊருக்குள் இருந்தே கொண்டாடுங்கள். செவ்வாயோ புதனோ பாருங்கள்.

கட்வைக்கிலிருந்து லெய்டன் ஒன்பது, பத்து கிலோமீட்டர், ரைன் ஆற்றோரம். ஐரோப்பாவின் இந்தப் பகுதியில் ரோமானியப் பேரரசின் வடக்கு எல்லையாக இருந்தது இந்த ஆறுதான், அந்த எல்லைக்கோடு 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்நேரத்துக்கு உங்களுக்கு வரலாறு கேட்கத் தோன்றாது. ஆறரை மணிக்கும் வெயில் சாய்வாகப் பொன்னிறமாக அடித்துக்கொண்டிருக்கும், துடுப்புப் படகுகள் போகும், வாத்துகள் குஞ்சுகளோடு பாதையைக் கடக்கும். அவை கடக்கும் வரை காலை ஊன்றி நில்லுங்கள். கடை ஏழு மணிக்கு மேல் திறந்திருக்குமா என்று காலையில் வண்டி எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடிவிடும் என்றால் வண்டியை இரவு வைத்திருந்து மறுநாள் காலை கொடுக்கிற மாதிரி பேசிவிடுங்கள்.